குழந்தைகள் நலக் குழுவை அணுகுவது எப்படி: 1098 முதல் மேல்முறையீடு வரை

தமிழ்நாட்டில் ஒரு குழந்தை ஆதரவில்லாமல் நின்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். இல்லையென்றால் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டிலும் நல்லெண்ணம் இருக்கலாம். ஆனால் எழுத்தில் எதுவும் இருக்காது. ஆறு மாதம் கழித்து அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகிறதா, வேலைக்குப் போகிறதா, அந்த வீட்டில்தான் இருக்கிறதா என்று கேட்கும் பொறுப்பும் யாருக்கும் இருக்காது.

இதை மாற்றத்தான் சட்டம் இருக்கிறது. மற்ற மாகாணங்களுக்கு முன்பே குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம்தான், 1920-ல். அதன்பிறகு 1986-லும் 2000-லும் நாடு முழுமைக்குமான சட்டங்கள் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதி (பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். இது 2016 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது. மத்தியச் சட்டமானாலும் நடத்துவது மாநில அரசு. தமிழ்நாடு தனக்கான விதிகளை 2017-ல் வெளியிட்டது. 2021-ல் நாடாளுமன்றம் செய்த பெரிய திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திருத்தத்தால் நமக்கு என்ன என்றால், மாவட்ட ஆட்சியர் இப்போது இந்த அமைப்பின் மையத்துக்கு வந்துவிட்டார். ஆதரவு தேவைப்படும் குழந்தை யாரிடம், எங்கே வளர வேண்டும் என்று முடிவு செய்ய மாவட்டந்தோறும் இருப்பது குழந்தைகள் நலக் குழு. அது எத்தனை வழக்குகளை முடித்தது, எத்தனை நிலுவையில் வைத்திருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு அறிக்கை தர வேண்டும். குழுவைப் பற்றிய குறைகளைக் கேட்பவரும் அவரே. இல்லங்களைப் பதிவு செய்யும்போது அவருடைய பரிந்துரையைப் பார்க்க வேண்டும். தத்தெடுப்பு ஆணையும் நீதிமன்றத்திலிருந்து அவர் கைக்கு மாறிவிட்டது. குழு உறுப்பினர்களாக யார் வரக்கூடாது என்பதும் தெளிவாகியிருக்கிறது. அந்த மாவட்டத்தில் குழந்தைகள் இல்லம் நடத்தும் நிர்வாகத்தில் இருப்பவர் குழுவில் இருக்க முடியாது. இது ரொம்ப நாளாகத் தேவைப்பட்ட விதி.

இந்த வழிகாட்டி ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டி போன்ற சாதாரண மனிதர்களுக்கானது. வக்கீல் இல்லாமலே இதில் பெரும்பகுதியைச் செய்ய முடியும்.

முதல் படி: இது குழுவுக்குப் போகும் விஷயமா?

18 வயது முடியாத எல்லோரும் இந்தச் சட்டப்படி குழந்தைதான். 17 வயதுப் பையன் மீசை வைத்திருந்தாலும் குழந்தைதான். சட்டம் இவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறுவர் ஒரு பக்கம். அவர்கள் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவார்கள், அது வேறு பாதை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் இன்னொரு பக்கம். இவர்களுக்குத்தான் குழந்தைகள் நலக் குழு.

இரண்டாவது வகைக்குள் யார் யார் வருகிறார்கள் என்பதைப் பலர் சுருக்கமாகவே நினைக்கிறார்கள். பெற்றோர் இல்லாத குழந்தை மட்டுமல்ல. பெற்றோர் உயிரோடு இருந்தும் குடியாலோ நோயாலோ சிறையாலோ பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் அந்தக் குழந்தையும் இதில் வரும். தெருவில் வாழ்வது, பிச்சை எடுப்பது, சட்டத்துக்குப் புறம்பாக வேலை செய்வது, வீட்டை விட்டு ஓடி வந்தது, காணாமல் போனது, கூடவே வசிப்பவர் அடித்துத் துன்புறுத்துவது, பாலியல் கொடுமை, போதைக்கு இழுக்கப்படும் ஆபத்து எல்லாம் வரும். உரிய வயதுக்கு முன் கல்யாணம் செய்து வைக்கப்படும் அபாயத்தில் இருக்கும் பெண்ணும் வருவாள். ஆக, கெட்டது நடந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடக்கக்கூடும் என்ற நிலையே போதும்.

வறுமையை மட்டும் இந்தப் பட்டியலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அம்மா கூலி வேலைக்குப் போகிறார், வீட்டில் இரண்டு வேளைதான் சோறு என்பதற்காகக் குழந்தையைப் பிரிக்கும் சட்டம் இதுவல்ல. அந்த வீட்டுக்குப் பணம் கொடுக்கும் சட்டம் இது. அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

இரண்டாம் படி: முதல் 24 மணி நேரம்

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள். இலவசம், இரவும் பகலும் இயங்கும். முன்பு தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்துவந்த இந்தச் சேவையை 2023 முதல் மாநில அரசுகள் நடத்துகின்றன, 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். அழைப்பில் நீங்கள் சொல்ல வேண்டியவை: குழந்தை இப்போது இருக்கும் இடம், பக்கத்தில் அடையாளம் சொல்ல ஒரு கோயிலோ பேருந்து நிறுத்தமோ, தோராயமான வயது, இப்போது உடனடி ஆபத்து இருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள். உங்கள் யூகங்களை அப்புறம் சொல்லலாம். கண்ணால் பார்த்ததை முதலில் சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும், யார் பேசினார்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பின்னால் இந்தத் தாள் உதவும்.

போலீசார், அரசு ஊழியர், ஆசிரியர், டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், அக்கறையுள்ள எந்தக் குடிமகனும், ஏன் அந்தக் குழந்தையேகூட நேரடியாகக் குழு முன் போகலாம். கண்டெடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழு முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. அன்று குழு அமரவில்லை என்றால் தனி உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம். "திங்கட்கிழமை வாங்க" என்று சொல்லி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பெற்றோரைப் பிரிந்தோ கைவிடப்பட்டோ ஆதரவற்றோ நிற்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பேருந்து நிலையத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தையை நல்ல மனசோடு வீட்டுக்குக் கூட்டிப்போய் நான்கு நாள் சோறு போட்டு வைத்திருப்பவரும் சிக்கலில் மாட்டலாம். சோறு போடுங்கள், அதற்கு முன் ஒரு அழைப்பு.

குழந்தை காணாமல் போயிருந்தால் முதலில் போக வேண்டியது காவல் நிலையம். "ஒரு நாள் பார்க்கலாம், சொந்தக்காரர் வீட்டில் இருக்கும்" என்ற பேச்சுக்கு மசிய வேண்டாம். காணாமல் போன குழந்தை பற்றிய புகார் வந்தால், கடத்தலோ ஆள் விற்பனையோ நடந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்று, வாட்ஸ்அப். மீட்கப்பட்ட குழந்தையின் படம், பெயர், பள்ளி, தெரு எதையும் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. முகத்தை மறைத்துவிட்டுப் பள்ளிச் சீருடையைக் காட்டும் படமும் அடையாளத்தைக் காட்டிக்கொடுப்பதுதான்.

மூன்றாம் படி: பாலியல் கொடுமை என்றால் பாதை கொஞ்சம் மாறும்

இங்கே குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம், 2012 முன்னால் வந்து நிற்கிறது. தகவல் தெரிந்த யாரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, விடுதி, மருத்துவமனை போன்ற நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. "பள்ளி பேர் கெட்டுப்போகும், உள்ளேயே விசாரிச்சுக்கலாம்" என்று ஒரு தலைமை ஆசிரியர் சொன்னால் அவர் தன் தலைக்குத் தானே கத்தி வைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது.

குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் விதத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. குழந்தையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோதான் கேட்க வேண்டும். கேட்பவர் முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும், சீருடையில் வரக்கூடாது. பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தை என்றால் மருத்துவப் பரிசோதனையைப் பெண் டாக்டர்தான் செய்ய வேண்டும். இதில் எது மீறப்பட்டாலும் அங்கேயே, அந்த நேரத்திலேயே மரியாதையாகச் சொல்லுங்கள். பின்னால் சொன்னால் நடந்ததைத் திருப்ப முடியாது.

நீங்களும் குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டு விவரம் பிடுங்க வேண்டாம். குழந்தை தானாகச் சொன்னதை, அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்தால் போதும். பெரியவர்கள் நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டு, குழந்தை நான்கு விதமாகப் பதில் சொல்லி, அதையே எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் பிடித்துக்கொள்ளும்.

குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருந்தால் போலீசார் 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழு முன் நிறுத்த வேண்டும். குழந்தையை அந்த வீட்டிலிருந்து பிரிக்க வேண்டுமா என்று குழு மூன்று நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே வர ஓர் ஆதரவு நபரைக் குழுவிடம் கேளுங்கள். நீதிமன்றத் தேதி சொல்வது, மருத்துவமனைக்குக் கூட வருவது, இழப்பீட்டுக்கு விண்ணப்பம் போட உதவுவது எல்லாம் அவர் வேலை. கேட்காமலே தர வேண்டியதுதான், இருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

குழந்தைத் திருமணம் என்றால் 1098-ஓடு மாவட்ட சமூக நல அலுவலருக்கும் சொல்லுங்கள். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான். நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்கிவிட்டால், அதை மீறிக் கட்டிய தாலி சட்டப்படி செல்லாது. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு சொல்வதைவிட பத்திரிகை அடித்த அன்றே சொல்வது எல்லோருக்கும் நல்லது.

நான்காம் படி: குழு முன்பு

மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு குழு உண்டு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் உண்டு. மாதத்தில் 20 நாளாவது அமர வேண்டும். இறுதி ஆணை போடும்போது மூன்று பேராவது இருக்க வேண்டும். எங்கே, எந்தக் கிழமைகளில் அமர்கிறார்கள் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள். இந்த அலகு குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறையின் கீழ் வருகிறது. பழைய ஆட்கள் இன்னும் சமூகப் பாதுகாப்புத் துறை என்றுதான் சொல்வார்கள்.

வெறும் கையோடு போகாமல் ஒரு மனு எழுதிக்கொண்டு போங்கள். கட்டணம் எதுவும் இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம். சட்ட வார்த்தைகள் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய குழந்தைகள் நலக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

என் மகள் வழிப் பேத்திக்கு 9 வயது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய தந்தை இறந்துவிட்டார். என் மகள் கடந்த ஆடி மாதம் முதல் வீட்டில் இல்லை, எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. குழந்தை இப்போது என்னோடு இருக்கிறாள். நான் முதியோர் உதவித்தொகை பெறுபவள். குழந்தையை நானே வளர்க்க விரும்புகிறேன். அவளை என் பராமரிப்பில் விட்டு ஆணையிடவும், படிப்புக்கு நிதி ஆதரவு கிடைக்கப் பரிந்துரைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். குழந்தையின் விருப்பத்தையும் நேரில் கேட்டறிய வேண்டுகிறேன்."

இதில் நான்கு விஷயம் இருக்கிறது: குழந்தை யார், என்ன நடந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, நீங்கள் கேட்பது என்ன. நான்காவதைத்தான் பலர் எழுதாமல் விட்டுவிடுவார்கள். கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, என்ன வேண்டும் என்று சொல்லாமல் முடிப்பார்கள். பிறகு குழுவுக்குத் தோன்றியது நடக்கும். மனுவின் இன்னொரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதுச் சான்று கட்டாயம் கேட்பார்கள். சட்டம் வரிசை சொல்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை போன்ற மருத்துவச் சோதனை. ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. ஆதாரை மட்டும் நம்பிப் போகாமல் பள்ளியில் ஒரு சான்று வாங்கிக்கொண்டு போங்கள்.

குழு அறை கோர்ட் மாதிரி இருக்காது, இருக்கவும் கூடாது. மேசைக்கு எதிரே குழந்தை உட்கார்ந்து பேசும். உங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் குழந்தையிடம் தனியாகப் பேசுவார்கள். பதற வேண்டாம், அது நல்ல குழுவுக்கு அடையாளம். குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. "பாட்டிகூட இருப்பேன்னு சொல்லணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போவதில் பயனில்லை. அனுபவமுள்ள உறுப்பினருக்கு இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: விசாரணை, வீட்டுக்கு வரும் பணியாளர்

குழு உடனே இறுதி முடிவு சொல்லாது. தற்காலிகமாகக் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று ஓர் ஆணை போடும். சமூக விசாரணை அறிக்கை கேட்கும். அதை 15 நாளில் முடிக்க வேண்டும். குழந்தையை முதன்முதலில் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை வர வேண்டும். இந்த இரண்டு கெடுவையும் காலண்டரில் குறியுங்கள். இந்தச் சட்டத்தில் சாதாரண மனிதன் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இந்தத் தேதிகள்தான். "சார், 15 நாள் ஆச்சு, அறிக்கை வந்துடுச்சா?" என்று கேட்பவரின் கோப்பு மேலே வரும். கேட்காதவரின் கோப்பு அடியில் கிடக்கும்.

விசாரணைக்கு வரும் பணியாளர் வீட்டைப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் கேட்பார், பள்ளிக்கும் போவார். வீடு ஓட்டு வீடா மாடி வீடா என்பதைவிட, குழந்தை எங்கே படுக்கிறது, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், குடிப்பவர் உண்டா, பள்ளி வருகை எப்படி என்பதுதான் முக்கியம். உண்மையைச் சொல்லுங்கள். மாமா வாரத்தில் இரண்டு நாள் குடிப்பார் என்றால் அதையும் சொல்லுங்கள், குழந்தை அப்போது யாரோடு இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். மறைத்தது பக்கத்து வீட்டில் தெரிந்துவிட்டால் நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் சந்தேகத்துக்குள்ளாகும்.

அறிக்கை ரகசியமானது. முழு நகல் கிடைக்காமல் போகலாம். ஆனால் அதன் சாரத்தைக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ காப்பாளருக்கோ குழு தெரிவிக்கலாம். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

ஆறாம் படி: என்ன ஆணை கேட்பது?

இங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. தன் குடும்பத்தோடு சேரும் உரிமைதான் முதலில். ஆனால் நடைமுறையில் "இல்லத்துல சேர்த்துடுங்க, நல்லா படிக்கும்" என்பதே முதல் யோசனையாக வருகிறது. சொல்பவர்களில் பாதிப்பேர் உறவினர்கள்தான். மூன்று வேளைச் சாப்பாடு, சீருடை, படிப்பு எல்லாம் கிடைக்கிறது என்ற கணக்கு. அதே சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வீட்டிலேயே பணம் வரும் வழி இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்த வழிக்குப் பெயர் நிதி ஆதரவு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் குழந்தை வளர்ந்தால், பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தால், விபத்தில் முடங்கிப்போயிருந்தால் கேட்கலாம். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள்ளும் மற்ற இடங்களில் 96,000-க்குள்ளும் இருக்க வேண்டும். வருமானச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று அல்லது மருத்துவச் சான்று, படிப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்குவதற்குத்தான் நாள் பிடிக்கும். அதை முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்று அலகிலேயே கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பினாலும் "கண்காணிப்போடு" என்று ஆணையில் சேர்க்கச் சொல்லலாம். அடிக்கும் அப்பா திருந்திவிட்டேன் என்கிறார், குழந்தையும் வீட்டுக்குத்தான் போகணும் என்கிறது என்றால் இதுதான் நடுவழி. பணியாளர் அவ்வப்போது வந்து பார்ப்பார்.

உறவினர் யாருமே இல்லாத குழந்தைக்கு வளர்ப்புப் பராமரிப்பு இருக்கிறது: வேறொரு குடும்பம் குறிப்பிட்ட காலத்துக்கு வளர்க்கும், அதற்கும் மாதத் தொகை உண்டு. நம் ஊரில் இது இன்னும் வேர்விடவில்லை. நல்ல குடும்பங்கள் முன்வந்தால் இல்லங்களில் கூட்டம் குறையும்.

வேறு வழியே இல்லாமல் இல்லம்தான் என்றால், அந்த இல்லம் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். பதிவில்லாமல் நடத்துபவருக்கு ஒரு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். குழுவின் ஆணை இல்லாமல், யாரோ சொன்னார்கள் என்று நேரே கொண்டுபோய் ஓர் இல்லத்தில் விடுவதுதான் பெரிய தப்பு. உள்ளே குழந்தைக்கு என்ன நடந்தாலும் அரசுக் கணக்கில் அந்தக் குழந்தை அங்கே இல்லை. இல்லத்தில் இருப்பவர்களே கொடுமை செய்தால் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம்.

குழந்தையை வளர்க்க முடியாத தாய்க்கும் வழி இருக்கிறது. குழு முன் குழந்தையை ஒப்படைக்கலாம். மனசு மாறினால் திரும்பக் கேட்க இரண்டு மாதம் அவகாசம் உண்டு. சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட்ட பெற்றோரை வேண்டுமென்றே கைவிட்டவராகச் சட்டம் பார்ப்பதில்லை. 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கே பலருக்குத் தெரிந்ததுதான். மருத்துவமனையில் தெரிந்தவர் மூலமாக "கொடுத்துவிடுவது" மட்டும் வேண்டாம். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருடம் வரை சிறை. மருத்துவமனை ஆட்களே செய்தால் மூன்று முதல் ஏழு வருடம். குழந்தை வேண்டுவோர் சட்டப்படி பதிந்து காத்திருக்க வேண்டும். ஆட்சியரிடம் போன தத்து மனு இரண்டு மாதத்தில் முடிய வேண்டும்.

ஏழாம் படி: சரியாக நடக்கவில்லை என்றால்

குழு உட்காரவே இல்லை, கெடு தாண்டிவிட்டது, உறுப்பினர் மரியாதையில்லாமல் பேசினார் என்பது போன்ற குறைகளுக்கு ஆட்சியர்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதினாலே போதும்: இந்தத் தேதியில் குழந்தையை நிறுத்தினோம், இந்தத் தேதியில் 15 நாள் முடிந்தது, இன்றுவரை அறிக்கை இல்லை. கோபத்தைவிட இது வேலை செய்யும்.

ஆணையே தவறு என்று நினைத்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு சம்பந்தப்பட்ட முடிவு என்றால் மேல்முறையீடு ஆட்சியரிடம். அதனால் ஆணையின் நகலை அன்றே கேட்டு வாங்குவது முக்கியம். நகல் இல்லாமல் 30 நாள் ஓடிவிடும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது. வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100-க்கும் அழைக்கலாம். குழந்தைக்கு இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.

2021 திருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் மூன்று முதல் ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களை, நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீசார் நேரடியாகப் பதிய முடியாத குற்றங்களாக மாற்றிவிட்டார்கள். குழந்தையை விற்பதும் பிச்சை எடுக்க வைப்பதும் இதற்குள் வருகின்றன. ஏழைக் குடும்பம் நடுவரைத் தேடிப் போய் உத்தரவு வாங்கும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? காவல் நிலையத்தில் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் ஒரு வழி இருக்கிறது. அதே சம்பவத்தில் போலீசார் நேரடியாகப் பதியக்கூடிய வேறு குற்றமும் சேர்ந்திருந்தால், மொத்த வழக்கையும் அப்படியே எடுக்கலாம் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. கடத்தலோ, ஆள் விற்பனையோ, போக்சோ குற்றமோ கலந்திருந்தால் அந்த விவரத்தைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

எட்டாம் படி: 18 வயதுக்கு அப்புறம்

இல்லத்தில் வளர்ந்த பிள்ளை 18-வது பிறந்தநாளன்று பெட்டியோடு வெளியே நிற்கும் நிலை வரக்கூடாது என்பதற்காகப் பிற்காப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 21 வயது வரை தங்குமிடம், தொழிற்பயிற்சி, மாதம் 4,000 ரூபாய் வரை உதவி எல்லாம் இதில் கேட்கலாம். இதற்கான பேச்சை 17 வயதிலேயே ஆரம்பிக்க வேண்டும். சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாக்காளர் அட்டைக்கான முகவரி ஆகிய நான்கும் இல்லத்தை விட்டு வருவதற்கு முன் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். முகவரிச் சான்று இல்லாததால் சிம் கார்டுகூட வாங்க முடியாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. இல்லக் கண்காணிப்பாளரிடமிருந்து தங்கியிருந்ததற்கான சான்று ஒன்றை எழுத்தில் வாங்கி, மூன்று நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.